உன்னத வறுவல் தேர்வுக் குழு

மாநகராட்சிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனதற்கும், ஊரில் உருளைக்கிழங்கு வறுவல் விற்பது தடைசெய்யப்பட்டதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாநகராட்சி இதை மறுக்கிறது. மாநகராட்சி மறுக்கிறது என்பதற்காகவே ஒன்றை உண்மை என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் நம்புவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் நாற்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் முதலில் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, எதற்குச் சரி சொன்னோம் என்று பிறகு யோசிப்பார். இந்தக் குணத்தோடு அவர் லிஃப்ட் கம்பெனியில் நிம்மதியாகத்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். லிஃப்டுகள் குரலை உயர்த்துவதில்லை.

அன்று காலை கீழ்த்தளத்தில் பேனலைத் திறந்து பார்த்தபோது உள்ளே ரிலே என்கிற சின்ன சுவிட்ச் ஒன்று கருகிக் கிடந்தது. மாற்று ரிலே அவருடைய பையிலேயே இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் மின்சாரத்தை நிறுத்துவதற்கு ஐந்தாவது மாடியில் இருக்கும் செயலரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்று வாசல் காவலாளி சொல்லிவிட்டார். மெக்கானிக் "சரிங்க" என்று படியேறினார்.

ஐந்தாவது மாடியில் நீளமான ஓர் அறை. அதில் நீளமான ஒரு மேசை. மேசை நடுவில் வெள்ளித் தட்டு. தட்டில் சிவப்பு வெல்வெட் துணி. துணியின்மேல் கழுவித் துடைத்த ஒரு முழு உருளைக்கிழங்கு. அதைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சியின் உன்னத வறுவல் தேர்வுக் குழு என்பது அதுதான். ஊரிலேயே மிகச் சிறந்த ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, மேயர் கையால் பரிசு கொடுக்க அமைக்கப்பட்டது. ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் என்ற பெயர் மாநகராட்சியின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்பதால், 'நீள்கிழங்கு வறுவல்' என்று மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்கே முந்தைய ஆண்டு முழுவதும் செலவாகியிருந்தது.

குழுத் தலைவர் இதற்கு முன் கல்லறைத் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அவர் பொறுப்பில் இருந்த காலம் முழுக்கக் கல்லறைகளிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. திறமையான நிர்வாகி என்று பெயர் பரவி, உணவுத் துறைக்கு மாற்றப்பட்டார். அவருக்கு வலப்பக்கம் செயலர் அம்மாள். எந்தக் கேள்விக்கும் விதியைப் பதிலாகச் சொல்கிறவர். இடப்பக்கம் சுவை ஆலோசகர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'நாக்கு' என்றுதான் சொல்வார்கள். நாக்கின் நுண்மை கெட்டுவிடக்கூடாது என்று வீட்டில் ருசியாக எதையும் சமைக்க விடமாட்டார். அவருடைய மனைவி தாய்வீட்டுக்குப் போய் வெகுநாளாயிற்று.

குழு கூடுவதற்கு நான்கு பேர் வேண்டும். நான்காமவர் பொதுமக்களில் ஒருவராக இருக்க வேண்டும். ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருந்த பொதுமக்கள் மூன்றாவது மாடிவரை ஏறி, மூச்சு வாங்கி, திரும்பிப் போய்விட்டார்.

"யாரு நீங்க?" என்றார் தலைவர்.

"லிஃப்ட் மெக்கானிக்குங்க. கரண்ட்டை நிறுத்தணும். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பொதுமக்கள்ல ஒருத்தரா?"

மெக்கானிக்கை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, "அப்படித்தான் நெனைக்கிறேன்," என்றார்.

"ஃப்ரைஸ் சாப்பிடுவீங்களா?"

"நீள்கிழங்கு," என்று செயலர் திருத்தினார்.

"சாப்பிடுவேங்க."

"உட்காருங்க," என்றார் தலைவர்.

மெக்கானிக் "சரிங்க" என்று உட்கார்ந்தார். அவருடைய வலது கையை எடுத்துக் கிழங்கின்மேல் வைத்தார்கள். 'பசிக்கும் பகைக்கும் இடம் கொடாமல் இம்மாநகரின் உன்னத நீள்கிழங்கு வறுவலைக் கண்டறிவேன்' என்று செயலர் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து பையை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றார் செயலர்.

"லிஃப்டைச் சரி பண்ண. ரிலே கையிலயே இருக்கு மேடம்."

"இனி நீங்க அதைத் தொடக்கூடாது. குழு உறுப்பினர் மாநகராட்சிக்கு எந்த வேலையும் செஞ்சு தரக்கூடாது. ஆதாயம் தேடுற மாதிரி ஆயிடும்."

"அப்ப லிஃப்டு?"

"வேற மெக்கானிக் வரட்டும்."

"இந்தப் பகுதிக்கு நான் ஒருத்தன்தாங்க."

"அது உங்க கம்பெனியோட பிரச்சினை."

"வேணும்னா நான் குழுவை விட்டுப் போயிடறேன் மேடம்."

"தாராளமா. ஆனா ராஜினாமாவைக் குழு கூடித்தான் ஏத்துக்கணும். நீங்க போயிட்டா குழு கூட முடியாது. கூடாத குழு எப்படி ஏத்துக்கும்?"

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். பிறகு வழக்கம்போல "சரிங்க" என்றார். ரிலே பையிலேயே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். அவளுடைய தங்கை பஸ் நிலையத்து வாசலில் ஃப்ரைஸ் கடை வைத்திருந்தாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனபிறகு, ஒரு தள்ளுவண்டியும் எண்ணெய்ச் சட்டியும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மகளைத் தனியாளாகப் படிக்கவைப்பது அந்தச் சட்டிதான். அவளுடைய ஃப்ரைஸில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நறுக்குவாள், வறுப்பாள், உப்புத் தூவுவாள், காகிதக் கூம்பில் போட்டுச் சூட்டோடு கையில் கொடுப்பாள். பசியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஒரு தடவையாவது நம்ம குடும்பத்துக்கு உபயோகமா இருங்க," என்றாள் மனைவி. "பாப்பாவுக்கு அந்தப் பரிசை வாங்கிக் குடுத்துடுங்க."

"அக்கா, நீ சும்மா இரு," என்றாள் பாப்பா. வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தாள்; தலைமுடியிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. "எனக்குப் பரிசெல்லாம் வேணாம் அத்தான். அந்தக் குழு என் கடைப் பக்கம் வராம பாத்துக்குங்க. அது போதும்."

"நான் பாத்துக்கறேன் பாப்பா," என்றார் மெக்கானிக். அவர் வாழ்க்கையில் கொடுத்த வாக்குறுதிகள் குறைவு. கொடுத்தவற்றில் இதுதான் மோசமானது.

மறுநாள் செயலர் கேட்டார். "உங்க உறவுல யாராவது வறுவல் தொழில்ல இருக்காங்களா?"

பொய் சொல்லத் தெரியாததால், "மச்சினி இருக்காங்க," என்றார் மெக்கானிக்.

"அப்ப அவங்க வறுவலைச் சுவைக்கிறப்ப நீங்க வெளியே போயிடணும்."

"சரிங்க."

"நீங்க வெளியே போனா குழுவுல நாலு பேர் இருக்க மாட்டாங்க. அதனால அவங்க வறுவலைச் சுவைக்க முடியாது."

"அப்ப?"

"சுவைக்கப்படாத வறுவல்னு தனியா ஒரு வகை உண்டு. அதுல வெச்சுடுவோம்."

மெக்கானிக்குக்கு மனதுக்குள் நிம்மதி. குழு பாப்பாவின் கடைப் பக்கம் போகாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

சுவைக்கும் நாட்கள் தொடங்கின. கடைக்காரர்கள் கீழே வாசலில் அடுப்பு வைத்து வறுத்துக் கொடுப்பார்கள். பியூன் தட்டை மூடி எடுத்துக்கொண்டு படியேறுவார். அவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, காலை நீவிவிட்டு, எழுந்து வருவார். தட்டு மேசைக்கு வந்ததும் தலைவர் எழுந்து உரையாற்றுவார். கிழங்கு மண்ணுக்கடியில் பொறுமையாக விளைவதைப் பற்றியும், தானும் அப்படித்தான் படிப்படியாக மேலே வந்ததைப் பற்றியும் பேசுவார். அவர் உட்கார்ந்ததும் செயலர் ஒவ்வொரு துண்டாக எடுத்து அளவுகோலை வைத்துப் பார்ப்பார். அகலத்தைப்போல இரண்டு மடங்காவது நீளம் இல்லாத துண்டு நீள்கிழங்கு ஆகாது. அதைக் குப்பைக் கூடையில் போடுவார். பிறகு நிமிர்வுச் சோதனை. துண்டின் ஒரு முனையைப் பிடித்துப் படுக்கைவாக்கில் நீட்டி, மறுமுனை தொங்குகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்க்க வேண்டும்.

எல்லாத் துண்டுகளும் தொங்கின.

கடைசியில் நாக்கின் முறை வரும். அவர் துண்டை முகர்ந்து பார்ப்பார். காதருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்பார். வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் துப்புவார். "இதுல ஒரு தனிமை தெரியுது," என்பார். செயலர் ஆமோதிப்பார். இன்னொரு கடைக்கு, "இந்தக் கிழங்கு தன்னை மன்னிக்கல." வேறொன்றுக்கு வெறுமனே தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கடைக்காரர் ஊரிலேயே பெரிய கடைக்காரர்; இரண்டு தலைமுறையாக வறுக்கிற குடும்பம். முடிவைக் கேட்க மேலே வந்திருந்தவர், துக்கம் விசாரிக்கப்பட்ட முகத்தோடு படியிறங்கிப் போனார்.

மெக்கானிக்குக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். ஈரக் காகிதத்தை மெல்லுவது மாதிரி இருந்தது. இப்படியே பல நாள் மென்றபிறகு அவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"சார், எல்லாம் ஆறிப்போயிருக்கு. அதனாலதான் தொங்குது. ஒரு நிமிஷம் விட்டீங்கன்னா லிஃப்டைச் சரி பண்ணிடுவேன். சூடா மேல வந்துடும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மெக்கானிக்கைக் கனிவோடு பார்த்தார். அதிகாரிகள் கனிவோடு பார்த்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம்.

"நீங்க சாதாரண மனுஷர், அதனால சூட்டுல மயங்கறீங்க. தப்பில்ல. ஆனா சூடா இருந்தா எதுதான் நல்லா இருக்காது? செருப்பை வறுத்துச் சூடாக் குடுத்தா அதையும் சாப்பிடுவாங்க இந்த ஜனங்க. ஆறினதுக்கு அப்புறமும் எது நிமிர்ந்து நிக்குதோ அதுதான் தரம். நான் கல்லறைத் துறைல இத்தனை வருஷம் இருந்தேன். ஆறினவங்க கிட்ட இருக்குற ஒழுங்கு உசுரோட இருக்குறவங்க கிட்ட கிடையாது. அதை நான் கண்ணால பாத்தவன்."

"உண்மை," என்றார் நாக்கு.

"சூடு பத்தி விதில ஒண்ணும் இல்ல," என்றார் செயலர்.

மெக்கானிக் "சரிங்க" என்று அடுத்த துண்டை எடுத்து மென்றார்.

ஊரில் இருந்த கடைகளெல்லாம் முடிந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. மேயர் பரிசு கொடுக்க நாள் குறித்துவிட்டார். பித்தளைப் பலகையில் 'மாநகரின் உன்னத வறுவல்' என்று பொறித்துத் தயாராக வந்திருந்தது. எங்கே மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை. தலைவருக்கு வியர்த்தது. அவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"பொதுமக்கள் என்ன சொல்றாங்க? உங்க வாழ்க்கைல சாப்பிட்டதுலயே நல்ல வறுவல் எது?"

மெக்கானிக் யோசித்தார். பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கடையைச் சொன்னால் மற்றவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டிவரும். யாருக்கும் கெடுதல் வராத ஒரு பதிலைத் தேடினார். கிடைத்தது, அது உண்மையாகவும் இருந்தது.

"பழைய சினிமாக் கொட்டகை பக்கத்துல ஒரு கடை இருந்ததுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என் சம்சாரத்தோட அங்கதான் போவேன். அந்த ருசி அப்புறம் எங்கயும் கிடைக்கல. ஆனா அதை மூடிட்டாங்க. இப்ப அங்க பல் ஆஸ்பத்திரி இருக்கு."

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மூடிட்டாங்களா?"

"மூடி ரொம்ப நாள் ஆச்சுங்க."

"அதைப் பத்தி ஏதாவது புகார்?"

"புகார் வர வாய்ப்பே இல்ல," என்றார் செயலர்.

"தொங்குதா?"

"நமக்குத் தெரிஞ்சு தொங்கல," என்றார் நாக்கு. அவர் கண்ணை மூடிக் கற்பனையில் மென்றார். முதல் தடவையாகத் துப்பவில்லை. "இதுல ஒரு நிறைவு இருக்கு."

"இந்தக் குழு பரிசீலிச்சதுல ஒரு குறையும் இல்லாத ஒரே வறுவல் இதுதான்," என்று தலைவர் எழுந்து நின்றார். கல்லறைத் துறையில் இருந்த தன்னம்பிக்கை அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. "இவ்வளவு நாள் இது நம்ம கண்ணுல படாம இருந்திருக்கு. ஒருமனதா ஏத்துக்கறோம்."

அடுத்து நடந்ததைத்தான் மெக்கானிக் பிறகு எத்தனையோ முறை நினைத்து நினைத்து நொந்துகொண்டார். தலைவர் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். உன்னதமானது ஒன்றுதான் இருக்க முடியும். உன்னதம் இல்லாததை மக்களுக்குக் கொடுப்பது மாநகராட்சிக்கு அழகல்ல. ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தைத் தவிர ஊரில் வேறெங்கும் நீள்கிழங்கு வறுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பியூன் மெக்கானிக்கின் பின்னால் வந்து குனிந்து, "டீ வேணுமா?" என்று கேட்டார். தலைவர், "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார். டீ வேண்டும் என்று பியூனுக்குக் காட்ட மெக்கானிக் கையைத் தூக்கினார்.

டீயும் வரவில்லை.

மாநகராட்சியில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கடையை மூட வேண்டும் என்றால் அவர்கள் சுறுசுறுப்பே வேறு. மறுநாள் மதியத்துக்குள் ஊரிலிருந்த எண்ணெய்ச் சட்டிகளுக்கெல்லாம் அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். பாப்பாவின் சட்டிக்கு வைக்கும்போது எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்ததால் அரக்கு உருகி உருகி ஓடியது. ஆறும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து, வறுத்து வைத்திருந்ததைத் தின்று தீர்த்துவிட்டு, அப்புறம் முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

பாப்பா அக்கா வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒருமனதா முடிவு பண்ணாங்களாமே அத்தான். நீங்களும் கையைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன். பியூன் டீ வேணுமான்னு கேட்டாரு, அதுக்குத்தான் தூக்கினேன்."

மனைவி தையல் மெஷினை ஓட்டினாள். ஊசியில் நூல் இல்லை.

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது," என்றாள் பாப்பா கடைசியில். "பொண்ணுக்கு என்ன சொல்லப்போறேன்னுதான் தெரியல. அவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னுகூட எனக்குத் தெரியல அத்தான். பொழைப்பைக் கெடுக்கறவன் ஒரு கோவத்தோடயாவது கெடுக்கணும் இல்லையா?"

அன்றிரவு மனைவி அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். பேசவில்லை. மெக்கானிக் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

இதற்கிடையில் பித்தளைப் பலகையைப் பல் ஆஸ்பத்திரி வாசலில் அறைந்துவிட்டார்கள். ஊரில் வேறெங்கும் ஃப்ரைஸ் கிடைக்காததால் ஜனங்கள் அங்கே வரிசை கட்டினார்கள். பல் டாக்டர் மெலிந்த, பயந்த சுபாவமுள்ள மனிதர். உள்ளே வந்தவர்களை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். அவர்களும் ஆசையோடு திறந்தார்கள். இரண்டு பேருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபிறகுதான் அவர்கள் வந்த காரணம் தெரிந்தது. அவர் படியேறி மூச்சிரைக்கக் குழுவின் முன் வந்து நின்றார்.

"சார், நான் பல் டாக்டர். அந்தப் பலகையைக் கழட்டிடுங்க."

"கழட்ட முடியாது. அந்த இடம்தான் உன்னதம்னு முடிவாயிடுச்சு," என்றார் செயலர். "உன்னதமா இருந்துக்கிட்டு நீங்க வறுக்காம இருக்கறதுதான் இப்ப பிரச்சினை. மக்கள் கேக்கறதை மறுக்கறீங்கன்னு உங்க மேலதான் புகார் வந்திருக்கு."

"எனக்கு வறுக்கத் தெரியாதுங்க."

"கத்துக்குங்க," என்றார் தலைவர். "எனக்கும் வறுவல் பத்தி ஒண்ணும் தெரியாது. பொறுப்பைக் குடுத்தாங்க, ஏத்துக்கலையா? மேயர் அங்க வந்துதான் பரிசு குடுக்கப் போறாரு. அன்னிக்கு வறுவல் இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குப் பூட்டு."

டாக்டர் படியிறங்கினார். மெக்கானிக் யாரிடமும் சொல்லாமல் எழுந்து, அவர் பின்னாலேயே போய், இரண்டாவது மாடியில் அவரைப் பிடித்தார்.

"டாக்டர், இந்த ஊர்ல வறுக்க அனுமதி இருக்குற ஒரே இடம் உங்களுது. வறுக்கத் தெரிஞ்சவங்களுக்கோ இடம் இல்ல. என் மச்சினியை அனுப்பட்டுமா?"

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் யோசித்துப் பேசி நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

பாப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "அவங்களுக்கு நான் வறுத்துப் போடணுமா?" என்று கேட்டாள். "டாக்டருக்காக," என்றார் மெக்கானிக். "அந்த ஆளு ஒரு பாவமும் பண்ணல." பாப்பா அரைமனதாக எழுந்தாள். பழைய சட்டிக்கு முத்திரை வைத்திருந்ததால் பக்கத்து வீட்டில் ஒரு சட்டி இரவல் வாங்கினார்கள்.

விழாவன்று பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் மேயருக்கு மாலை போட்டார்கள். சொத்தைப் பல்லின் படத்துக்குக் கீழே தலைவர் நின்று, தன் தலைமையில் குழு உண்மையைத் தேடி ஐந்து மாடி ஏறிய கதையைச் சொன்னார். திரைக்கு அந்தப்பக்கம் எண்ணெய் சலசலத்தது. வாசனை வந்தது. தலைவருடைய பேச்சில் வாக்கியங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. பாதியில் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாப்பா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெயிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. உப்புத் தூள் மேலே மின்னியது.

மேயர் ஒன்றை எடுத்தார். ஊதினார். கடித்தார். அதற்குப்பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. தலைவர் இரண்டு கையாலும் எடுத்தார். செயலரின் கைப்பையில் அளவுகோல் இருந்தது. கைப்பையைத் திறக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாக்கு துப்புவதற்கு வைத்திருந்த கிண்ணத்தில் தனக்கென்று ஒரு பங்கை அள்ளி ஒதுக்கி வைத்துக்கொண்டார். பேச்சே இல்லை. மொறுமொறுவென்ற சத்தம் மட்டும். தட்டுகள் மறுபடி வந்தன. மறுபடி காலியாயின. தலைவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டே, "கடையை மூடியும் தரம் குறையல பாருங்க," என்றார்.

அப்போதுதான் செயலர் நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"என் மச்சினிங்க," என்றார் மெக்கானிக்.

"சுவைக்கப்படாத வறுவலா?"

"ஆமாங்க. இப்ப சுவைச்சுட்டீங்க."

தலைவர் வாயிலிருந்த விரலை எடுத்தார். அவர் முகத்தில் முதலில் பயம் வந்தது; மேயர் பக்கத்தில் இருந்ததால் அது கோபமாக மாறியது.

"இது சதி. சுத்தமான சதி. ஏன் நல்லா இருந்துச்சுன்னு இப்பதான் புரியுது. சூடா குடுத்திருக்காங்க. சூட்டைக் காட்டிக் குழுவை மயக்கப் பாத்திருக்காங்க. நேர்மையா ஆற வெச்சுக் குடுத்திருந்தா நாங்க ஒரு வாய்க்கு மேல தொட்டிருப்பமா?"

"தொட்டிருக்கவே மாட்டோம்," என்றார் நாக்கு, கிண்ணத்தைப் பின்னால் மறைத்தபடி.

"இந்த ஆளைக் குழுவுலேர்ந்து நீக்கறேன். அந்த அம்மா மேல நடவடிக்கை எடுக்கணும்."

பாப்பா கரண்டியைக் கீழே வைத்தாள். மெக்கானிக் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். இந்த முறை அவர் சரிங்க என்று சொல்லவில்லை. "எடுங்க," என்றார். "என்ன குத்தம்னு எழுதுவீங்க? சூடா குடுத்தாங்கன்னா?"

"சூடா இருந்ததுக்கு ஆதாரம் வேணும்," என்றார் செயலர். விதி என்று வந்துவிட்டால் அவருக்குத் தலைவரும் ஒன்றுதான், யாரும் ஒன்றுதான். எல்லோரும் தட்டுகளைப் பார்த்தார்கள். உப்புகூட மிச்சமில்லை. நாக்கின் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் அதற்குள் காலியாகியிருந்தது.

மேயர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப விசாரணை வைங்க," என்றார். "நல்லா நிதானமா விசாரிங்க. ஆதாரம் தினமும் சேகரிக்கணும். எனக்கும் ஒரு பங்கு அனுப்பிடுங்க."

விசாரணை ஆணை மறுநாளே வந்தது. குற்றம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அதே பெண் வழக்கமாக வறுக்கிற இடத்தில், வழக்கமான சட்டியில் வறுத்தாக வேண்டும் என்று செயலர் சொன்னார். ஆகவே பாப்பாவின் சட்டியிலிருந்த முத்திரை, விசாரணை முடியும்வரை அகற்றப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடைகளின் மாதிரியும் தேவைப்பட்டதால் அவற்றின் முத்திரைகளும் அகற்றப்பட்டன. ஊரில் ஃப்ரைஸ் விற்பது இன்றைக்கும் சட்டப்படி குற்றம்தான். எல்லாக் கடைகளும் ஆதாரமாகத் திறந்திருக்கின்றன. பல் டாக்டர் வாசலில் பலகை அப்படியே இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்குப் பஸ் நிலையத்துக்கு வழி சொல்லிவிட்டு, பல்லை நன்றாகத் தேய்க்கச் சொல்லி அனுப்புகிறார்.

மெக்கானிக் குழுவைவிட்டு வந்த அன்று மனைவி அவரோடு பேச ஆரம்பித்தாள். பாப்பா இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் அவர் கடைப்பக்கம் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றபோது, "அத்தான், கையைத் தூக்காம நில்லுங்க, உங்க முறை வரும்," என்று அங்கிருந்தே சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். அவருக்கு அது போதும் என்று இருந்தது.

அவருக்கு முன்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். ஆதாரம் சேகரிப்பதில் யாரையும் நம்ப முடியாது என்று தினமும் அவரே வந்துவிடுகிறார். கூம்பை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, சூடு தாங்காமல் வாயைத் திறந்து திறந்து மூடி மென்றுகொண்டிருந்தார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு வெளியூர்க்காரர் பெட்டியோடு வந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைல நல்லா இருக்குமா சார்?" என்று கேட்டார்.

தலைவர் கடைசித் துண்டை விழுங்கினார். கூம்பைக் கவிழ்த்து உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கினார்.

"இன்னும் முடிவாகல," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.